வயரின் மறுமுனை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த மாதிரி விஷயங்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது. தென்காசி கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிறவன் நான். ஒரு பொருளைத் தூக்கிப் பார்த்து, விரலால் சுண்டிப் பார்த்து, சத்தத்தை வைத்தே வெண்கலமா பித்தளையா என்று சொல்லிப் பழகியவன், கைக்குத் தட்டுப்படாத எதைப் பற்றியும் எனக்கு ஒரு அபிப்பிராயமும் இருந்ததில்லை. குற்றாலப் பக்கம் இந்தக் கதைகளுக்குக் குறைச்சலே இல்லை. அருவியில் வழுக்கி விழுந்து செத்தவர் ஐந்தருவி ரோட்டில் நின்று வண்டிக்குக் கை காட்டினார், சீசன் முடிந்து ஆளே இல்லாத லாட்ஜில் யாரோ தண்ணீர் மோந்து ஊற்றிக் குளிக்கிற சத்தம் கேட்டது, இப்படி ஆளுக்கு ஒன்று வைத்திருப்பார்கள். கடைக்கு வருகிறவர்கள் சொல்லும்போது நான் பழைய குடத்தை எடை போட்டுக்கொண்டே சிரிப்பேன். "அண்ணாச்சிக்கு ஒரு தடவ பட்டாத்தான் தெரியும்" என்பார்கள். பட்டது. நீங்கள் நம்பினாலும் சரி, பாவம் மனுஷன் மகளைப் பறிகொடுத்ததில் மனசு கலங்கிப் போனான் என்று நினைத்தாலும் சரி, நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

எங்களுக்கு ஒரே மகள். உலகநாயகி என்று பெயர், வீட்டில் உலகு. பெங்களூரு கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வீடியோ எடிட்டிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். இலஞ்சிக்குப் பக்கத்தில் வயலை ஒட்டி எங்கள் வீடு, மாடியில் ஒரே ஒரு அறை, ஜன்னலைத் திறந்தால் நேரே மலை, அந்த அறைதான் அவளுக்கு. மாடிப்படி வீட்டுக்கு வெளியே, கொல்லைப்பக்கமாகப் போகும். காலையில் காபித் தம்ளரோடு ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவாள். அவளுடைய லேப்டாப் பழையதாகிவிட்டது. "இது அடுப்பு மாதிரி கொதிக்குதுப்பா, இதுல தோச சுட்டுரலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தவள், ஒருநாள் சாப்பிடும்போது, சாமான்களைத் தனித்தனியாக வாங்கித் தானே ஒரு கம்ப்யூட்டர் சேர்க்கப்போவதாகச் சொன்னாள்.

"மொத்தமா ஒண்ணு வாங்கிட்டா என்னட்டி? எதுக்கு இந்தப் பாடு?" என்று கேட்டேன்.

"கடையில தொங்குத சட்டைக்கும் அளவெடுத்துத் தைக்கிற சட்டைக்கும் வித்தியாசம் இருக்குல்லாப்பா" என்றவள், எனக்குப் புரிய வேண்டும் என்று தட்டைச் சற்றே தள்ளி வைத்துவிட்டுப் பாடமே நடத்த ஆரம்பித்தாள். "மதர்போர்டுன்னா வீடுன்னு வச்சுக்கிடுங்க. பிராசசர் அம்மா, எல்லா வேலையும் அவ தலையிலதான். ராம் வந்து அடுக்களை மேடை, வேல செய்யும்போது சாமானப் பரத்தி வைக்க எடம். எஸ்.எஸ்.டி. பரணு, எடுத்து வைக்கிறதெல்லாம் அங்கன போயிரும்."

"அப்ப நான் எங்கட்டி இருக்கேன்?"

"நீங்க எஸ்.எம்.பி.எஸ். கரண்டு கொடுக்கிற பெட்டி. உர்ருனு சத்தம் போட்டுக்கிட்டே இருக்கும், ஆனா அது இல்லாம ஒண்ணும் ஓடாது."

கோமதி, அதாவது என் மனைவி, சோறு பரிமாறிக்கொண்டிருந்தவள் அகப்பையை வைத்துவிட்டு அப்படிச் சிரித்தாள்.

இன்னொரு தொந்தரவும் இருந்தது. இணையம் வருகிற ரௌட்டர் கீழே ஹாலில் இருந்தது, நடுவில் கான்கிரீட் தளம், மாடி ஏறினால் வைஃபை செத்துப் போகும். அதற்கும் அவள் வழி வைத்திருந்தாள். வீடு கட்டும்போது டி.வி. வயருக்கென்று ஹால் சுவருக்குள்ளிருந்து மாடி அறைக்கு ஒரு பைப் பதித்திருந்தோம், கடைசி வரை அதற்குள் எதையும் விடவில்லை. அது வழியாக ஒரு நெட்வொர்க் வயரைக் கொண்டுபோய் நேராகக் கம்ப்யூட்டரில் சொருகிவிட்டால் தீர்ந்தது என்றாள். "ஆனா இது ஒத்த ஆள் வேல இல்லப்பா. கீழ இருந்து ஒருத்தர் தள்ளணும், மேல இருந்து ஒருத்தர் இழுக்கணும். ஞாயித்துக்கிழம கட லீவுல்லா, நீங்க தள்ளுங்க, நான் இழுக்கேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. வியாழக்கிழமை காய்ச்சல் என்று படுத்தாள். சாதாரணக் காய்ச்சல்தான் என்று நினைத்தோம், ஊரெல்லாம் காய்ச்சலாக இருந்த நேரம் அது. பிறகு டெங்கு என்றார்கள், திருநெல்வேலிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள், கொண்டுபோனோம். டாக்டர்கள் குறையொன்றும் வைக்கவில்லை, அவர்களால் முடிந்ததையெல்லாம் செய்தார்கள். குற்றாலத்தில் அப்போது சீசன் உச்சத்தில் இருந்தது. அவளை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்த வண்டி, அருவிக்குப் போகிற கார்களுக்கும் வேன்களுக்கும் நடுவில் ஊர்ந்து ஊர்ந்துதான் வந்தது. பக்கத்து வேனில் சின்னப் பிள்ளைகள் கைதட்டிப் பாடிக்கொண்டு போனார்கள். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் ஊருக்குப் போன பிறகுதான் அந்தப் பெட்டிகள் வர ஆரம்பித்தன. அவள் காய்ச்சலோடு கிடந்தபோது போனில் ஆர்டர் போட்டிருந்தாள் போலிருக்கிறது. கொரியர்க்காரர் வாசலில் நின்று, "உலகநாயகி மேடம் இருக்காங்களா? அவங்க போனுக்கு ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும், அதச் சொன்னாத்தான் பார்சல் தர முடியும்" என்றார். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து கோமதி மாடிக்குப் போய் உலகுவின் போனை எடுத்துக்கொண்டு வந்தாள். தினமும் அதற்குச் சார்ஜ் ஏற்றி வைத்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். நம்பரை ஒவ்வொன்றாக வாசித்தாள்.

"மேடம் வேலையா இருக்காங்களோ?" என்று அவர் சும்மா ஒரு மரியாதைக்குக் கேட்டார்.

"ஆமா" என்றாள் கோமதி.

மூன்று நான்கு முறை இப்படி வந்தார். ஒவ்வொரு முறையும் போனை எடுத்து வந்து அவளே நம்பர் சொன்னாள். நான் இதையெல்லாம் திருப்பி அனுப்பிவிடலாமா என்று மெதுவாகக் கேட்டேன். மகள் போனதிலிருந்து ஒன்றிரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவள், தட்டில் போட்ட சோற்றை அப்படியே மூடி வைத்துவிடுகிறவள், அன்றைக்கு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவ பாத்துப் பாத்து வாங்கினது. சேத்து ஓட வைக்கணும். நீங்க செய்யுங்க."

"எனக்கு என்ன தெரியும் கோமதி? தெரிஞ்ச ஆளு யாரையாவது கூட்டிட்டு வாரேன்."

"அவ ரூமுக்குள்ள வேத்தாள் வரவேண்டாம்" என்றாள். அதோடு சரி.

நான் செல்போனில் வாட்ஸப் பார்க்கவே திணறுகிற ஆள். ஆனால் அவள் வாய் திறந்து கேட்ட ஒரே காரியம் அது, செய்யாமல் எப்படி இருப்பது? மத்தியானம் கடையை அடைத்துவிட்டு வந்து மாடியில் பாய் விரித்து உட்கார்ந்துவிடுவேன். போனில் யாரோ ஒரு தம்பி கம்ப்யூட்டர் சேர்ப்பது எப்படி என்று தமிழில் சொல்லிக்கொடுக்கிற வீடியோவை ஓடவிட்டு, நிறுத்தி, திருப்பி ஓடவிட்டு ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்தேன். பிராசசர் என்பது பிஸ்கட்டை விடச் சின்னது, மூலையில் தங்க நிறத்தில் ஒரு முக்கோணம், போர்டில் இருக்கிற முக்கோணத்துக்கு நேராக அதை வைக்க வேண்டும், அழுத்தக் கூடாது. மேலே இருக்கிற கம்பியை மடக்கிப் பூட்டும்போது நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, மகள் வாங்கின பொருளை உடைத்துவிட்டேன் என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சத்தம் வரத்தான் செய்யும் என்று வீடியோவில் பிறகு சொன்னான். ராம் கட்டையை இரண்டு பக்கமும் அமுக்கினால் டக்கென்று விழும். இதையெல்லாம் உலகு செய்திருந்தால் ஒரு மணி நேரத்தில் முடித்திருப்பாள், எனக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆனது.

எல்லாவற்றையும் மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். விசிறி சுற்றியது, உள்ளே நீல விளக்கு எரிந்தது, திரையில் மட்டும் ஒன்றுமே வரவில்லை. கழற்றினேன், மாட்டினேன், அதே கறுப்புத் திரை. கோமதி வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள், நான் ஸ்விட்சை அணைத்ததும் எழுந்து போய்விடுவாள். கடைசியில், உபரி என்று நினைத்து நான் ஒதுக்கி வைத்திருந்த ஒரு சின்ன வயர்தான் காரணம் என்று தெரிந்தது. எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து பிராசசருக்கென்றே தனியாகப் போகிற கரண்டு வயர் அது. வீடு முழுக்க விளக்குப் போட்டுவிட்டு அம்மாவைப் பட்டினி போட்டிருக்கிறேன். அதைச் சொருகியதும் திரை வெளுத்தது. கோமதி உள்ளே வந்து நின்று அந்த வெளிச்சத்தைப் பார்த்தாள். அன்றைக்கு நானே சோறு பிசைந்து அவளுக்குக் கொடுத்தேன், மறுக்காமல் வாங்கிச் சாப்பிட்டாள்.

ஆனால் கம்ப்யூட்டர் அதற்கு மேல் நகரவில்லை. இணையத்தோடு இணைத்தால்தான் அடுத்த கட்டம் போவேன் என்று அங்கேயே நின்றுவிட்டது. அப்படியென்றால் உலகு சொன்ன அந்த வயரை விட்டுத்தான் ஆக வேண்டும். தென்காசியில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற கடையில் நீளம் சொல்லி, இரண்டு முனையிலும் கிளிப் மாட்டின ஒரு நீல வயர் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால். காலையிலிருந்தே சாரல், ஆடி மாதச் சாரல் தெரியும்தானே, மழை என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. நான் ஹாலில் ஸ்டூலைப் போட்டுச் சுவரில் இருந்த மூடியைக் கழற்றினேன். கட்டைவிரல் போகிற அளவுக்குத்தான் ஓட்டை. "நீ மேல போய் நில்லு, வயர் வந்து எட்டிப் பாக்கும், பிடிச்சு இழு" என்று கோமதியிடம் சொன்னேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள். நான் வயரை உள்ளே தள்ளினேன். கொஞ்ச தூரம் சுலபமாகப் போனது, பிறகு நின்றுவிட்டது. வெளியே எடுத்துத் திரும்பத் தள்ளினேன், அதே இடத்தில் நின்றது. முறுக்கிப் பார்த்தேன், ஆட்டிப் பார்த்தேன், சுவரில் முட்டுகிற மாதிரி முட்டிக்கொண்டு நின்றது. இந்தச் சின்ன வேலை கூட என்னால் முடியவில்லையே, உலகு ஒரு வேலைதானே சொன்னாள், தள்ளுங்கள் என்றுதானே சொன்னாள் என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது. நெற்றியைச் சுவரில் சாய்த்து, அந்த ஓட்டைக்குள்ளே வாயை வைத்து, "இழேன்ட்டி, என்னால தள்ள முடியல" என்றேன்.

வயர் என் கைக்குள் அசைந்தது.

முதலில் லேசாக, தூண்டிலில் மீன் கொத்துகிற மாதிரி ஒரு வெட்டு. பிறகு இன்னொன்று. அப்புறம் நின்று நிதானமாக இழுபட ஆரம்பித்தது. தரையில் சுருளாகக் கிடந்த வயர் வட்டம் வட்டமாகப் பிரிந்து ஸ்டூலுக்கு மேலே ஏறி, என் விரல்களுக்கு நடுவில் ஓடிச் சுவருக்குள் போனது. "மெதுவா, மெதுவா, கிளிப்பு உடஞ்சிரும்" என்றேன், மெதுவானது. "ஆங், இப்ப இழு" என்றேன், இழுத்தது. நம்பமாட்டீர்கள், அந்த நேரத்தில் எனக்கு இருந்த சந்தோஷம், கோமதி மேலே நின்று இழுக்கிறாள், அவளும் நானும் ஒரு காரியம் செய்கிறோம், இனி இவள் மீண்டுவிடுவாள் என்று நினைத்துக்கொண்டேன். ரௌட்டருக்கு எட்டுகிற அளவு மிச்சம் இருக்கும்போது "போதும்" என்றேன். நின்றது.

முன்வாசல் கேட் திறக்கிற சத்தம் கேட்டது. சேலைத் தலைப்பை முக்காடு போட்டுக்கொண்டு, கையில் பால் பாக்கெட்டோடு கோமதி உள்ளே வந்தாள்.

"யார்ட்ட பேசிக்கிட்டு இருக்கிய?" என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன். "நீ மேல இல்லையா?"

"உங்களுக்கு எப்படியும் நேரமாவும், அதுக்குள்ள பால் வாங்கிட்டு வந்துரலாம்னு போனேன். கொல்லையில கெடந்த துணியை எடுத்துப் போட்டுட்டு அப்படியே போனேன். என்ன, வயர் வந்துட்டா?"

"மேல யாரு இருக்கா?"

"யாரு இருப்பா? ரூம் பூட்டித்தான கெடக்கு" என்று இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தொட்டுக் காட்டினாள். தொட்ட கை அப்படியே நின்றது. என் முகத்தில் எதைப் பார்த்தாளோ தெரியாது, பால் பாக்கெட்டைத் தரையில் போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடினாள்.

நான் பின்னால் ஏறினேன். பூட்டு பூட்டினபடி இருந்தது. இரண்டு ஜன்னல்களும் உள்பக்கம் கொக்கி போட்டிருந்தன. கதவைத் திறந்ததும் நாங்கள் பார்த்தது இதுதான். பைப் ஓட்டையிலிருந்து நீல வயர் வெளியே வந்திருந்தது. வந்து, தரையில் சுருண்டு விழுந்து கிடக்கவில்லை. மேஜையைச் சுற்றிக்கொண்டு போய், உலகு உட்கார்ந்து வேலை பார்க்கிற நாற்காலியில், மிச்ச வயர் வளையம் வளையமாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது, கிளிப் முனை மேலாக.

கோமதி நேராக உள்ளே போனாள். நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அந்த வளையத்தை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "சூடா இருக்கு" என்றாள். நான் தொட்டுப் பார்த்தேன். எனக்கு அது சாதாரணமாகத்தான் இருந்தது, சூடெல்லாம் இல்லை. இருந்ததை இருந்தது என்றும் இல்லாததை இல்லை என்றும் சொல்கிறேன்.

வெகுநேரம் கழித்து எழுந்தவள், "நீங்க மேலயே இருங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே போனாள். கொஞ்ச நேரத்தில் வயர் அசைந்தது. கீழேயிருந்து அவள் இழுத்துப் பார்க்கிறாள். ஓட்டை வழியாக அவள் குரல் கேட்டது, ரொம்ப மெலிசாக, குழாய்க்குள் பேசுகிற மாதிரி. "உலகு. ஏட்டி உலகு. அம்மா வந்துருக்கேன்ட்டி. ஒரே ஒரு தடவ இழு." நான் அந்த முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், அவள் எவ்வளவு சந்தோஷப்படுவாள் என்று தெரியும். என்னால் முடியவில்லை. அது என் மகளுடைய இடம், அதில் நான் கை வைக்கக்கூடாது என்று பட்டது. வயரைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பதில் வரவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ நாள் கூப்பிட்டிருக்கிறாள், ஒரு நாளும் வரவில்லை.

மறுநாள் நான் வயரை இரண்டு பக்கமும் சொருகினேன், கம்ப்யூட்டர் ஓடியது, இன்றைக்கும் ஓடுகிறது, இதைக்கூட அதில்தான் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். கோமதி மத்தியான வேலை முடிந்ததும் ஹாலில் ரௌட்டர் பக்கத்தில் தலையணை போட்டுப் படுப்பாள், சுவரிலிருந்து வெளியே வருகிற அந்த ஒரு முழ வயரைக் கைக்குள் வைத்துக்கொண்டு தூங்குவாள்.

எலி இழுத்திருக்கும் என்று நானே எனக்குச் சொல்லிப் பார்த்தேன். நான் தள்ளின வேகத்தில் அதுவே போயிருக்கும், நாற்காலியில் சுற்றி வைத்தது கோமதியாக இருக்கும், துக்கத்தில் அவளுக்கே நினைவில்லாமல் போயிருக்கும் என்றுகூட நினைத்தேன். அப்படியே நம்பியும் இருப்பேன். ஐப்பசி மழையில் ஹால் சுவரில் ஓதம் ஏறியது. முருகேசன் என்று எங்களுக்குப் பழக்கமான எலக்ட்ரீஷியன், என் வயதுக்காரர், வீடு கட்டினபோது வயரிங் செய்தவரும் அவர்தான். பைப் வழியாகத் தண்ணீர் இறங்குகிறதா என்று பார்க்கச் சொன்னேன். அவர் பைப்புக்குள் வயர் இழுக்கிற நைலான் ஸ்பிரிங் ஒன்றைக் கீழேயிருந்து விட்டார், நின்றது. மேலே போய் அங்கேயிருந்து விட்டார், அதுவும் நின்றது. தளத்துக்குப் பக்கத்தில் பைப் வளைகிற இடத்தில் பூச்சையும் பைப்பையும் கொஞ்சம் உடைத்தவர், ஏணியில் நின்றபடியே உள்ளே விரலால் தடவிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இங்கன வந்து பாருங்க" என்றார்.

ஏறிப் பார்த்தேன். தளம் போடும்போது பைப்பின் மூட்டு வழியாகச் சிமெண்ட் இறங்கி, உள்ளே ஒரு சாண் நீளத்துக்குக் கல்லாக இறுகிப் போயிருந்தது. பைப்பை உடைத்த இடத்தில் உள்ளே உருளையாகச் சிமெண்ட்தான் நின்றது. அதன் ஒரு பக்கம் நீல வயர் உள்ளே போனது, மறுபக்கம் வெளியே வந்தது. சுற்றிலும் ஊசி நுழைய இடமில்லை.

"வீடு கட்டும்போதே இந்த வயரப் போட்டுட்டாங்களா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே, "எப்படிப் போடுவாக, வயரிங் நாந்தான பண்ணேன்" என்றார்.

"போன ஆடியில வாங்கினது முருகேசன்."

அவர் வயரைத் தொட்டுப் பார்த்தார். வேண்டுமென்றால் அந்தச் சிமெண்டை உடைத்து உள்ளே என்னதான் என்று பார்த்துவிடலாம் என்று உளியை எடுத்தார். கீழேயிருந்து கோமதி, "அண்ணே, அதத் தொடாதீக" என்றாள். அந்தக் குரலுக்கு மேல் அவர் உளியை வைக்கவில்லை. அன்றைக்கே பூசி மூடிவிட்டுப் போனார். கூலியே வாங்க மாட்டேன் என்றுவிட்டார். எங்கே கண்டாலும் நின்று நலம் விசாரிக்கிறவர், அதன் பிறகு கடைப்பக்கம் வந்தால் என் முகத்தைப் பார்க்காமலே பேசுவார்.

இவ்வளவும் நடந்து, போன மாதம் மறுபடி சீசன் தொடங்கியது. மெயின் அருவியில் முதல் தண்ணீர் விழுகிறது என்று கடையில் பேசிக்கொண்டார்கள். ஒரு வருஷமாக அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத கோமதி, "போய்ட்டு வருவமா?" என்று கேட்டாள். காலையிலேயே போனோம், கூட்டம் அவ்வளவாக இல்லை. ஈரக்காற்று முகத்தில் அடித்தது. படியில் உட்கார்ந்திருந்தோம். அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேட்டா மறைக்காமச் சொல்லுவியளா?" என்றாள்.

"கேளு."

"அன்னைக்கு அவ வயரப் பிடிச்சு இழுத்தாள்லா. கை நடுங்குச்சா?"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கடைசி இரண்டு நாளும் உலகுவுக்குக் கை நடுக்கம் நிற்கவே இல்லை. கஞ்சி டம்ளரைப் பிடிக்க முடியாமல் அம்மாவைப் பார்த்துச் சிரிப்பாள், கோமதி அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருப்பாள், விட்டால் மறுபடி நடுங்கும். அவள் ஒரு வருஷமாக மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்தது இந்த ஒரு கேள்வியைத்தான் போலிருக்கிறது. போன இடத்திலாவது பிள்ளைக்குச் சுகமாகிவிட்டதா என்பதுதான்.

"இல்ல கோமதி. நல்லாத் தெம்பா இழுத்தா. எங்கையில இருந்து வெடுக்குனு போச்சு."

"நெசமாவா?"

"நெசமா."

அவள் மூச்சை விட்டாள். செருப்பையும் பையையும் என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்துபோய், பெண்கள் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு அருவிக்குள் நின்றாள். தண்ணீர் அவள் தலையில் விழுந்து தெறித்தது. ஒரு வருஷத்துக்கு அப்புறம் அவள் முகத்தில் ஒரு அமைதியை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் அவள் செருப்பைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்திருந்தேன். உங்களிடம் சொல்வதற்கென்ன. அந்த வயர் என் விரலுக்கு நடுவில் ஓடிய நேரம் முழுக்க, முதல் வெட்டிலிருந்து நான் போதும் என்று சொல்லி அது நின்றது வரைக்கும், மறுமுனையில் ஒரு கை நடுங்கிக்கொண்டேதான் இருந்தது.